கொசுறாகப் போன கதை

மார்ச் 4, புதன்

இன்று அக்காவின் கதையை விற்றேன். பேச்சு முடிந்து கை குலுக்கியாயிற்று. கையெழுத்து மட்டும் பாக்கி.

வாங்கியவர் சினிமாத் தயாரிப்பாளர். வக்கீலோடு வந்து கடை மாடியில் என் எதிரே உட்கார்ந்தார். அக்கா இருபது வருஷம் முன்பு குழந்தைகளுக்கென்று ஒரு புத்தகம் எழுதினாள். எழுதியது அது ஒன்றுதான். அதைப் படமாக எடுக்கப் போகிறார்களாம். அக்கா அவர்களிடம் பேசவே வரவில்லை. "விலை பேசுறதெல்லாம் தம்பி பாத்துப்பான். எனக்கு மெத்தை உறை தைக்கிற வேலை கிடக்கு" என்று தையல் மிஷினை விட்டு எழுந்திருக்க மறுத்துவிட்டாள். மெத்தை விற்பவனுக்குக் கதை விற்க வராதா என்று நானே உட்கார்ந்தேன்.

அவர் ஒரு தொகை சொன்னார். நான் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தேன். எதிராளி முதல் விலையைச் சொன்னதும் வேறெங்காவது பார்ப்பது என் பழக்கம். ஏற்றினார். நான் டீ சொல்லி அனுப்பினேன். டீ வருவதற்குள் இன்னும் ஏற்றினார். பிறகும் ஒரு சின்ன இழுபறி. எந்த வியாபாரத்தையும் நான் கொசுறு போட்டுத்தான் முடிப்பேன். மெத்தை எடுத்தால் தலையணை, தலையணை எடுத்தால் உறை. சும்மா கிடைத்தது என்ற நினைப்போடு படி இறங்குகிறவன்தான் திரும்பிப் படி ஏறுவான். அந்தக் கை இன்றைக்கும் அடங்கவில்லை.

"அந்தப் புத்தகத்தோட கதை முடியலைங்க. அக்கா ஞாயித்துக்கிழமை ஆனா பசங்களுக்கு மேல மேல சொல்லிட்டே இருக்கா. வருஷக்கணக்கா ஓடுது. நீங்க என் விலைக்கு வாங்க. சொன்னது, இனிமே சொல்லப்போறது எல்லாத்தையும் கொசுறா எடுத்துக்கங்க."

தயாரிப்பாளர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் பேனாவைத் திறந்தார். அவ்வளவு வேகமாக ஒருவர் பேனா திறந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கீழே போய் அக்காவிடம் தொகையைச் சொன்னேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு "அவ்வளவா!" என்றாள். கொசுறையும் சொன்னேன். "சரி" என்றாள்.

மார்ச் 5

காலையில் ஷட்டரைத் தூக்கும்போது பின்னால் வந்து நின்று கேட்டாள்: "சொல்லப்போறதுமா தம்பி?" ஷட்டர் சத்தத்தில் காதில் விழாதது மாதிரி இருந்துவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்கு விற்பனை. குடும்பம் குடும்பமாக வருவார்கள். பேரம் நீளும். பெரியவர்கள் மெத்தையை அமுக்கிப் பார்க்க, பிள்ளைகள் அதன் மேல் ஏறிக் குதிப்பார்கள். ஸ்பிரிங் போய்விடும். அதற்காகத்தான் அக்கா அவர்களைப் பின்கட்டுக் கிடங்குக்கு ஓட்டிப் போய்க் கதை சொல்ல ஆரம்பித்தாள். மெத்தை வாங்கியவர்கள் மறுபடி வரப் பத்து வருஷம் ஆகும். பிள்ளைகள் அடுத்த வாரமே வந்தார்கள். மெத்தை வாங்க வந்த பதிப்பாளர் ஒருவர் தன் மகளைத் தேடிக் கிடங்குக்குள் போய், தானும் உட்கார்ந்து கேட்டுவிட்டு, எழுதித் தரச் சொன்னார். புத்தகம் வந்தது. பிள்ளைகள் வளர்ந்து போனார்கள், வேறு பிள்ளைகள் வந்தார்கள். கதை மட்டும் நிற்கவில்லை.

இன்றைக்கும் வந்தார்கள். விரித்துப் போட்ட மெத்தைகளில் வரிசையாகப் படுத்தார்கள். கூரைக் கண்ணாடி வழியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அதில் பஞ்சுத் தூசி மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றது. நான் ஒரு தலையணைக் கட்டை எடுக்க உள்ளே போயிருந்தேன்.

"இன்னிக்குக் கதை இல்லடா செல்லங்களா."

"ஏன், தொண்டை கட்டியிருக்கா?"

"இல்ல. கதை வித்துப்போச்சு."

"எவ்ளோவுக்கு?" - வாராவாரம் கடைக்குள்ளேயே கிடக்கிற பிள்ளைகள், வேறென்ன கேட்கும்.

"தம்பியக் கேளுங்க."

முன்வரிசையில் படுத்திருந்த பெண், ஓட்டைப்பல் என்று கூப்பிடுவோம், எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். "அப்ப முழிச்சி?"

முழிச்சி என்பது கதையில் வருகிற பெண். தூக்கத்தைத் தேடிப் போகிறவள். அது மட்டும் எனக்குத் தெரியும்.

"போன வாரம் அவள ஆத்து நடுவுல விட்டுட்டு வந்தோம். தோணியில தண்ணி ஏறுது. யாரு கரையில இறக்குவா?"

"சினிமாக்காரங்க இறக்கி விட்டுருவாங்கம்மா" என்றேன்.

"எப்ப?"

"ஒரு ரெண்டு வருஷத்துல."

"ரெண்டு வருஷமும் தண்ணியிலயேவா நிப்பா?"

விலை கேட்டு என்னை மடக்கியவர்கள் நிறையப் பேர். இப்படி யாரும் மடக்கியதில்லை. தலையணைக் கட்டை எடுக்காமலே திரும்பி வந்தேன்.

வீட்டில் மனைவி சொன்னாள்: "மெத்தை கேட்டு வந்தவனுக்கு அதுல படுத்திருந்த ஆளையும் சேர்த்துக் கட்டிக் குடுத்துட்டீங்க."

மார்ச் 10

தொட்டுப் பார்க்காத சரக்கை நான் வாங்கியதும் இல்லை, விற்றதும் இல்லை. இந்த ஒன்றைத் தவிர. புத்தகம் வீட்டில் இருபது வருஷமாக இருக்கிறது. அட்டையைத் துடைத்திருக்கிறேன்.

இன்று மதியம் கரண்ட் போனது. கடையில் ஈ, காக்கை இல்லை. ஷோரூமில் ஜன்னலோர மெத்தையில் சாய்ந்து படித்தேன்.

ஒரு ஊரை விட்டுத் தூக்கம் போய்விடுகிறது. ஊரே விழித்திருக்கிறது. விளக்குகள் களைத்துப்போய்த் தாமாக அணைகின்றன. முழிச்சி ஒரு காலித் தலையணை உறையை எடுத்துக்கொண்டு தூக்கத்தைப் பிடித்து வரக் கிளம்புகிறாள். தூக்கம் ஒரு பிராணி. என்ன நிறம், எத்தனை கால் - எதுவும் எழுதவில்லை. பக்கத்தில் வந்தால் உனக்கே தெரியும் என்று மட்டும் வழியில் எல்லோரும் சொல்கிறார்கள். நடுவில் ஒரு ஆறு. பாதி விட்ட கொட்டாவிகளெல்லாம் சேர்ந்து ஓடுகிற ஆறு, பனி மாதிரி. தோணிக்காரர் துடுப்புக்குப் பதிலாக ஒரு விளக்குக் கம்பத்தால் தள்ளுகிறார். மறுகரையில் மலைகள் மூச்சு விடுகின்றன. மலை மூச்சை இழுக்கும்போது ஏற வேண்டும், விடும்போது நின்றுகொள்ள வேண்டும்.

இதையெல்லாம் உறை தைத்துக்கொண்டே யோசித்தாளா? எனக்குப் பக்கத்திலேயே, அந்த மிஷின் சத்தத்திலேயே?

மலை ஏறும் இடத்தில் எனக்குக் கண் சொருகிவிட்டது. அது வந்தது. நிஜமாகவே வந்தது. சாம்பல் நிறம், நீளம், வெயிலில் காய்ந்த பஞ்சின் வாசனை. என் கால்மாட்டில் ஏறிப் படுத்தது. அதன் பாரம் பாதத்தில் இப்போதும் இருக்கிறது.

விழித்தபோது ஒரு தம்பதி பக்கத்து மெத்தையைத் தடவிக்கொண்டிருந்தார்கள். "முதலாளியே இப்படித் தூங்கறாருன்னா நல்ல மெத்தையாத்தான் இருக்கும்" என்று கணவன் சொல்ல, மனைவி நான் படுத்திருந்ததையே கேட்டாள். விற்றேன். தலையணை கொசுறு.

மார்ச் 12

தயாரிப்பாளர் கூப்பிட்டிருந்தார். படத்துக்கான வேலை நடக்கும் கொட்டகைக்குப் போனேன்.

சினிமாக்காரர்கள் கதையைக் கெடுத்துவிடுவார்கள் என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். நான் பார்த்ததை எழுதுகிறேன்: ஃபோமை வெட்டி ஒட்டி மலை செய்திருந்தார்கள். என் உயரத்துக்குத்தான் இருக்கும். அடியில் ஒரு ஊதுகுழாய். ஒருவன் விசையைத் தட்டினான். மலை மெல்ல எழுந்தது, நின்றது, இறங்கியது. எனக்குக் கையில் மயிர் சிலிர்த்துவிட்டது. அவர்களும் படித்திருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே படித்திருக்கிறார்கள்.

டைரக்டர் ஒரு பெண். கொண்டையில் பென்சில் குத்தியிருந்தாள். சின்ன வயதில் இந்தப் புத்தகத்தைப் படித்தவளாம். கம்ப்யூட்டரில் தூக்கத்தைக் காட்டினாள். உருண்டையாக, வெள்ளையாக, பெரிய கண், நீள நீளமாக இமை.

"இதுவா?" என்றேன்.

"உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

சொன்னேன், சாம்பல் நிறத்தையும் பஞ்சு வாசனையையும். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். "எனக்கு எங்க வீட்டு மாடிப்படி மாதிரி இருந்துச்சுங்க. ஒவ்வொரு படியா அதுவே இறங்கி வரும். சத்தமே இருக்காது."

"அப்புறம் ஏன் இதுக்குக் கண் வெச்சீங்க?"

தயாரிப்பாளர் சிரித்தார். "நீங்க ஒண்ணு சொல்றீங்க, இவங்க ஒண்ணு சொல்றாங்க. திரையில ஏதாவது ஒண்ணுதானே சார் நிக்க முடியும்? நிக்கறத பொம்மையா வேற விக்கணும்."

நியாயம். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

சுவரில் மூன்று பலகைகள். முதல் பலகை நிறையப் படங்கள். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் மேலே எண் மட்டும் எழுதி, கீழே வெறுமை. "அந்த ரெண்டும் உங்க கொசுறு சார்" என்று தயாரிப்பாளர் என் தோளில் தட்டினார். "நாளைக்கு ஆள் அனுப்புறேன். அம்மா சொல்லச் சொல்லப் பதிவு பண்ணிக்கட்டும்."

மார்ச் 13

மைக்கோடு ஒரு பையன் வந்தான். மரியாதையான பையன். அக்கா முகம் கழுவி, நல்ல உடுப்பு மாற்றி வந்து உட்கார்ந்தாள். மைக்கைப் பார்த்தாள். மிஷின் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"ஆத்து நடுவுல தோணி நிக்குது. அடுத்து என்னம்மா?"

"தெரியலப்பா."

"யோசிச்சு வெச்சிருப்பீங்கள்ல?"

"யோசிக்கிறதா? பசங்க கேப்பாங்க, நான் சொல்லுவேன். கேக்காம எப்படி வரும்?"

"சரிம்மா, நான் கேக்குறேன். அவ கரை சேர்ந்தாளா?"

"உனக்குத் தெரிஞ்சே ஆகணும்னு இல்லையேப்பா. நீ வேலைக்குல்ல வந்திருக்க."

மதியம் வரை உட்கார்ந்திருந்தாள். ஒரு வரி வரவில்லை. பையன் மூட்டை கட்டினான். அவளே அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாள்.

பிறகு என்னிடம் வந்தாள். "நீ வித்ததுல எனக்குக் கோவம் இல்லடா. கஷ்டப்பட்ட காலத்துல என் தையல நீதான் தலையில தூக்கிட்டுப் போய் வித்த. ஆனா வாயத் திறந்தா, வெளிய வர்றதுக்கு முன்னாடியே அது இன்னொருத்தருதுன்னு தெரிஞ்சுபோச்சு பாரு... வரமாட்டேங்குது. ராத்திரி எனக்கு நானே சொல்லிப் பாத்தேன். அப்பவும் வரல."

அக்கா குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை. என்ன பண்ணிட்டேன் நான்? இருந்தா கூடப் பரவாயில்லை. இல்லாத சரக்கை வித்திருக்கேன்! கிடங்கில் அடுக்கி வெச்சிருக்கான்னு நினைச்சேன். அது அடுக்கி வெக்கிற சாமானே இல்ல. அந்தப் பசங்க வாயிலயும் இவ வாயிலயும் நடுவுல எங்கயோ உண்டாகுது. அதைப் போய்க் கொசுறா - சீ.

மார்ச் 15, ஞாயிறு

பிள்ளைகள் வந்தார்கள். படுத்துக் கூரையைப் பார்த்தார்கள். போனார்கள்.

மார்ச் 17

சொன்ன விலையிலிருந்து நான் மாறியதில்லை. பஞ்சு விலை ஏறி நஷ்டப்பட்டபோதும் மாறியதில்லை. சைக்கிளில் மெத்தை கட்டி விற்ற காலத்திலிருந்து எனக்கு இருக்கிற ஒரே சொத்து அதுதான். "வாக்கு மாறினவன்னு நாலு பேர் சொல்லுவாங்க" என்றேன் மனைவியிடம்.

"அந்த நாலு பேரா வந்து அவ பக்கத்துல உக்காந்து உறை தைக்கிறாங்க?"

இவளிடம் என் பேரம் எதுவும் செல்லாது.

அக்கா தைக்கிறாள். தையல் நேராகத்தான் இருக்கிறது. முன்பெல்லாம் உதடு அசைந்துகொண்டே இருக்கும். ஏதோ நூலை எண்ணுகிறாள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இப்போது அசைவதில்லை.

மார்ச் 19

அக்காவையும் கூட்டிக்கொண்டு தயாரிப்பாளரிடம் போனேன். டைரக்டரும் இருந்தாள்.

"கை குலுக்கினோம்" என்றார் அவர், நான் வாயெடுக்கும் முன்பே. மைக் பையன் விஷயத்தைச் சொல்லிவிட்டான் போல.

"குலுக்கினோம். மாத்த வரல. நான் உங்களுக்கு வித்த சரக்கு என்கிட்ட இல்லைன்னு சொல்ல வந்திருக்கேன். புத்தகம் இருக்கு, அது உங்களுது. மீதி இல்ல."

"இப்ப இல்லன்னா வர்றப்ப எடுத்துக்கறோம். சொல்லப்போறதுன்னா அதானே அர்த்தம்?"

கெட்டிக்காரர். என் சொல்லாலேயே என்னைக் கட்டினார்.

"உங்களுதுன்னு ஆனப்புறம் அது வரவே வராதுங்க. ஒரு வாரமா வரல. விலைய இறக்கிக்கங்க. பாதியாக்குங்க."

"பணமா சார் பிரச்சினை? அடுத்தடுத்த படம் கையில இருக்குன்னு சொல்லித்தான் முதல் படத்துக்கே ஆள் பிடிச்சிருக்கேன். அது இல்லன்னா இதுவும் இல்ல. மலையக் கலைக்க வேண்டியதுதான்."

டைரக்டர் பென்சிலைக் கொண்டையிலிருந்து உருவிக் கையில் வைத்துக்கொண்டாள். அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன், ஆசைப்பட்டு அமுக்கிப் பார்த்துவிட்டு விலை கேட்டபின் கையை எடுத்துக்கொள்கிறவர்களிடம். மூன்று வருஷ உழைப்பாம் அவளுக்கு.

நான் வேறெங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தேன். அக்கா எழுந்து, தயாரிப்பாளரை விட்டுவிட்டு டைரக்டரிடம் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை கடைக்கு வாம்மா. தனியா வா."

தயாரிப்பாளர் அடுத்த வியாழக்கிழமை வரை தவணை கொடுத்தார்.

மார்ச் 22, ஞாயிறு

டைரக்டர் வந்தாள். கிடங்கு வாசலில் தயங்கினாள். "செருப்பக் கழட்டிட்டுப் படுங்க, புது மெத்தை" என்று ஓட்டைப்பல் அதட்டினாள். கழற்றிவிட்டு அவர்களுக்கு நடுவே படுத்துக்கொண்டாள். கால் மெத்தைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அக்கா எதிரே உட்கார்ந்திருந்தாள். தெருவில் ஒரு வண்டி போன சத்தம் முழுசாகத் தேய்ந்து மறைந்தது. பிறகு டைரக்டர்தான், கூரையைப் பார்த்தபடி, கேட்டாள். வேலைக்கு வந்தவளின் குரல் இல்லை அது. இருட்டில் பக்கத்துப் படுக்கையைக் கேட்கிற குரல்.

"அவளுக்குக் குளிருதா?"

அக்கா அவளை வெகுநேரம் பார்த்தாள்.

"முதல்ல குளிருச்சு" என்றாள். "தண்ணி முழங்காலுக்கு ஏறினப்புறம் இல்ல. ஏன்னா அது தண்ணி இல்ல."

"பின்ன என்ன?" - எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக.

போயிற்று. புறப்பட்டுப் போயிற்று. கடையில் ஆள் நின்றும் நான் வாசலை விட்டு நகரவில்லை. தோணி மூழ்கவில்லையாம், ஆறுதான் மேலே மிதந்து போய்விட்டதாம். தலைக்கு மேலே ஆறு ஓட, அடியில் நனையாத ஒரு தெரு. தெருவெல்லாம் வீடுகள், வீட்டுக்குள்ளெல்லாம் யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி குழிந்த தலையணைகள். முழிச்சி ஒவ்வொன்றிலும் கை வைத்துப் பார்க்கிறாள். எதில் சூடு இருக்கிறதோ அந்த வீட்டுக்காரர் பக்கத்தில்தான் இருக்கிறார். வெயில் ஒரு மெத்தையிலிருந்து அடுத்த மெத்தைக்கு நகர்ந்தது. பஞ்சுத் தூசி ஆறு மாதிரி மேலே ஓடியது. நான் பார்த்தேன், ஓடியது.

அக்கா நிறுத்தியபோது டைரக்டர் தூங்கிப்போயிருந்தாள். வாய் திறந்து, குழந்தை மாதிரி. பிள்ளைகள் அவளைத் தாண்டித் தாண்டி வெளியே போனார்கள். அப்புறம்தான் எழுந்தாள்.

"எதுவரைக்கும் கேட்டேன்னே தெரியலம்மா." கலங்கிப்போயிருந்தாள். "ஏதோ தலையணை. சூடா இருந்துச்சு. அதுக்கப்புறம் நான் வேற எங்கயோ போயிட்டேன். அங்க ஒரு படிக்கட்டு... அது நீங்க சொன்னதா, நானா பார்த்ததா?"

"நான் படிக்கட்டே சொல்லல."

"அப்ப?"

"உனக்கு ஞாபகம் இருக்கறத நீ எடுத்துக்கோ. அது உன்னுது. மீதி இங்கயே இருக்கட்டும்."

மார்ச் 24

கண்ணை எடுக்கச் சொல்லிக் கேட்டேன், டைரக்டரிடம் போனில். தூக்கத்துக்குக் கண்ணும் இமையும் இருக்கத்தான் செய்யும், பொம்மைக்காரர்கள் ஒப்புக்கொண்டாயிற்று என்றாள். இருக்கட்டும். படத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். புத்தகத்தில் இல்லை. என் கால்மாட்டில் படுப்பதற்கும் இல்லை.

அக்கா மிஷினில் உட்கார்ந்திருக்கிறாள். உதடு அசைகிறது.

மார்ச் 26, வியாழன்

கையெழுத்தாயிற்று. அதே மாடி, அதே நாற்காலிகள், கூட அக்கா.

ஞாயிற்றுக்கிழமை அக்கா சொன்னதையே ஷரத்தாகப் போட ஒப்பாவிட்டால் வேறு டைரக்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அந்தப் பெண் தயாரிப்பாளரிடம் சொல்லிவிட்டாளாம். அவரும் வியாபாரி. ஒரு மதியத் தூக்கத்திலிருந்து அவள் ஒரு படிக்கட்டைக் கொண்டுவந்திருக்கிறாள், இரண்டாவது பலகையில் இப்போது அது ஏறிவிட்டது. கணக்குப் போட்டிருப்பார். வக்கீல்தான் பேனாவைத் திறக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். "எது ஞாபகத்துல நின்னுச்சுன்னு எந்தக் கோர்ட்டுல சார் போய் நிரூபிக்கறது?" என்றார். "வேண்டாம்ப்பா, அவ பொய் சொல்ல மாட்டா" என்றாள் அக்கா. விலை பேசத் தெரியாதவள் பேசிய பேச்சு. யாரும் மறுக்கவில்லை.

ஒப்புக்கொண்டது இது. முதலில் பேசிய தொகையில் பாதி. அச்சான கதை அவர்களுக்கு, அச்சாகாதது அக்காவுக்கு. அடுத்த படம் வேண்டுமானால் டைரக்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் கிடங்குக்கு வரலாம், மைக் இல்லாமல், பேனா இல்லாமல், பிள்ளைகளோடு படுத்துக் கேட்கலாம். தூங்கிப்போனால் எழுப்பக் கூடாது. எழுந்தபின் எது நினைவில் நிற்கிறதோ அது அவர்களுக்கு.